குழம்புக்கு ஆகாத அயிரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
குழம்பு வைக்கிற அயிரை இல்லை இது.
நாத்தனார் கிள்ளானிலிருந்து அழைத்துக்
கேட்டதும் அதைத்தான்.

செராங்கூன் நார்த்தில் ஆ செங்
பையில் இரண்டை அள்ளி, காற்றடைத்து,
ரப்பர் வளையத்தை நாலு சுற்றுச் சுற்றும்போது
"போர்னியோ, போர்னியோ" என்றார்,
ஊர்ப்பெயரே பேர் போதும் என்பது மாதிரி.
"மலைத் தண்ணி மீன் லா. சூடு ஆகாது. ஃபேன் போடு."
இரண்டும் சேர்த்து எட்டு வெள்ளி.

தோசைக்கல்லில் சிந்திய மாவுத்துளி அளவு,
அதே தட்டை.
துடுப்புகளைச் சுற்றிலும் விரித்து
கண்ணாடியில் பதிந்துகொண்டால்
இந்தப் பக்கமிருந்து வயிறு தெரியும்,
பாசியைச் சுரண்டும் வாய் தெரியும்,
உள்ளே சிவப்பாய்
ஏதோ ஒன்று துடிப்பதும்.
"இதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சாப்பிடுறது"
என்று யுகேந்திரன்
நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தொட்டி நிலானியுடையது.
ஏழு கப்பி, ஆறு நியான்,
வாரத்துக்கொரு பெயர் மாறும் ஒரு நத்தை.
கப்பிக்கு வெதுவெதுப்பு வேண்டும்.
வந்தவர்களுக்குக் குளிர்ச்சி.
ஈசூனில், பத்தாவது மாடியில், மதியம் இரண்டு மணிக்கு
தண்ணீரே முப்பது டிகிரி.
பழைய கணினியின் விசிறி இரண்டைக் கழற்றி
விளிம்பில் மாட்டினேன்.
இருபத்தாறில் வந்து நின்றது.
யாருக்கும் முழுசாய்ப் பிடிக்காத எண்.
எங்கள் படுக்கையறை ஏர்கானும்
சண்டை போட்டு வந்து நின்றது
அங்கேதான்.

வேகமும் கேட்டது அது.
புதுப் பம்ப்பைப் போட்ட அன்று
கப்பிகள் பாவாடை பறக்க
மூலையில் போய் ஒண்டின.
நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்தேன்.
இடப்பக்கம் காட்டாறு, வலப்பக்கம் குளம்.
கட்டையின் மேல் யாரும் தங்குவதில்லை.

எனக்கு வேலை பிஷான் எம்ஆர்டியில்.
காலை எட்டேகாலுக்குக் கதவு திறந்தால்
முழங்கை, முதுகுப்பை, ஈரக்குடை,
எல்லாம் என்னைத் தொட்டுக்கொண்டு பிரிந்து போகும்.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதிர்த்து நிற்பேன்.
இரவு தோள் வலிக்கும்.
இப்போது காலை அகட்டி, கொஞ்சம் தாழ்ந்து.
அவ்வளவுதான்.

மார்ச்சில் ஒரு காலை
எண்ணிப் பார்த்தால் ஒன்றுதான் இருந்தது.
கற்களைப் புரட்டினோம்.
டிவி அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தோம்.
அங்கே காய்ந்து, தட்டையாய், புள்ளி புள்ளியாய்
ஒன்று கிடந்தது.
நிலானி அழுதுவிட்டாள்.
எடுத்துப் பார்த்தால்
தீபாவளிக்குச் செய்த எள்ளடை.
அதற்கப்புறமும் அழுதாள்.

மூன்று வாரம்.
மிச்சமிருந்தது தன் கல்லில் தனியாக மேய்ந்தது,
துக்கம் கொண்டாடியதாகத் தெரியவில்லை.
ஃபில்டர் கரகரவென்று இரையத் தொடங்கிய ஞாயிறு
மூடியைத் திறந்தேன்.
தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் கீழே,
பஞ்சின் மேல்,
போனபோது இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெருத்து
உட்கார்ந்திருந்தது.

கண்ணாடி மேலே, தண்ணீரையும் தாண்டி,
கொட்டுகிற தாரைக்குள் ஏறி
எந்த ராத்திரி போனதோ.
இருட்டு, அழுக்கு, ஓயாத இரைச்சல்.
நான் தேடித் தேடி அமைத்த காட்டாறு
அதற்குப் போதவில்லை.

கரண்டியால் மெல்ல எடுத்துத் தொட்டியில் விட்டேன்.
மறுநாள் எண்ணினால் ஒன்று.
மூடியைத் திறந்தால் மற்றது.
மறுபடி விட்டேன். மறுபடி போனது.
நாலாம் முறை கரண்டியைக் கழுவி
அடுக்களையில் மாட்டிவிட்டேன்.
மூடிக்கு அடியில் ஒரு ஐஸ்கிரீம் குச்சி வைத்திருக்கிறேன்,
காற்றுப் போக.

வீட்டுக்கு வருகிறவர்கள்
எத்தனை மீன் என்று கேட்டால்
நிலானி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள்.
கப்பி ஏழு, நியான் ஆறு,
கல்லில் ஒண்ணு,
அப்புறம்
மேலே ஒருத்தர்.